கறுப்பினக் கிட்டார் கலைஞர்கள்: ஹெண்ட்ரிக்ஸ், பி.பி. கிங் கேட்டாயிற்று, அடுத்து யார்?

தென்காசிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. ஹெண்ட்ரிக்ஸ், பி.பி. கிங், சக் பெர்ரி மூவரையும் ஓரளவு கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் போகலாம் என்று தேடினால் 'தலைசிறந்த நூறு பேர்' என்ற மாதிரி பட்டியல்கள்தான் வந்து விழுகின்றன. பட்டியலில் இருக்கும் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் என்ன தொடர்பு என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களில் யார் யாரைக் கேட்டுக் கற்றார்கள், ப்ளூஸ் கிட்டார் ஜாஸுக்குள் எப்படிப் போனது, சோல் பாட்டுகளில் கிட்டாருக்கு என்ன வேலை? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது, கேட்பதோடு சரி.

ஆறுகம்பி:
லானி ஜான்சனிடம் தொடங்குங்கள். பெரும்பாலான பட்டியல்களில் இவர் பெயரே இருக்காது. எனக்கு அதில் தீராத வருத்தம்.

நியூ ஆர்லியன்ஸ்காரர். 1925இல் செயின்ட் லூயிஸில் ஒரு ப்ளூஸ் போட்டியில் ஜெயித்து, அதன் பரிசாக ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பாடிப் பதிவு செய்யும் வாய்ப்பைப் பெற்றார். அந்தக் காலத்தில் கிட்டார் என்றால் பாட்டுக்குப் பின்னால் தாளம் தட்டுகிற கருவி. இவர் ஒற்றைக் கம்பியில் ஒவ்வொரு சுரமாக, ஒரு பாடகர் வரி பிடிப்பதுபோல வாசித்தார். இன்றைக்கு நாம் 'கிட்டார் சோலோ' என்று சொல்லும் வடிவத்துக்கு அடித்தளம் அதுதான்.

1927 டிசம்பரில் டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவோடு இவர் சேர்ந்து வாசித்த 'ஹாட்டர் தேன் தட்' பதிவைக் கேளுங்கள். நடுவில் மற்ற கருவிகள் எல்லாம் நின்றுவிடும். ஆம்ஸ்ட்ராங் சொல்லே இல்லாமல் குரலால் ஒரு துணுக்கை வீசுவார், ஜான்சன் அதைக் கிட்டாரில் திருப்பிச் சொல்வார். இரண்டு மூன்று முறை மாறி மாறி. எது குரல், எது கம்பி என்று ஒரு கணம் தடுமாறும்.

அப்புறம் 1928, 29இல் எடி லாங் என்ற வெள்ளைக்காரரோடு சேர்ந்து இரட்டைக் கிட்டார் பதிவுகள். கறுப்பர்களுக்கு விற்கிற இசைத்தட்டில் வெள்ளைக்காரர் பெயர் வரக் கூடாது என்பதால் லாங்கின் பெயரை 'பிளைண்ட் வில்லி டன்' என்று மாற்றிப் போட்டார்கள். இரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிக்கலாம், உறையில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது!

1959இல் ஒரு வானொலிக்காரர் தேடிக் கண்டுபிடித்தபோது ஜான்சன் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஓட்டலில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மறுபடியும் பதிவுகள், மேடைகள் கிடைத்தன. கடைசியில் டொராண்டோவில் குடியேறி 1970இல் அங்கேயே காலமானார்.

மணல்மேடு:
ஆறுகம்பி அண்ணா, அருமை. ஆனால் ப்ளூஸ் என்றால் ராபர்ட் ஜான்சன்தானே முதலில்? நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்று வித்தை வாங்கிய கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நீலராகம்:
மணல்மேடு, அந்தக் கதை எனக்குப் பிடிக்காது. ஏனென்று சொல்கிறேன்.

ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் ஆன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் பதிவு செய்தார். மொத்தம் 29 பாட்டுகள். 1938 ஆகஸ்டில் 27 வயதில் இறந்துபோனார். சிறுவனாக இருந்தபோது அவர் கிட்டாரைத் தொட்டாலே நிறுத்தச் சொல்லிக் கூட்டம் கத்தும் என்று மூத்த கலைஞர் சன் ஹவுஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கொஞ்ச காலம் ஊரில் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது வாசிப்பே வேறு. இந்த இடைவெளியில்தான் பிசாசு நுழைந்தது.

உண்மையில் அந்த இடைவெளியில் இருந்தவர் ஐக் சிம்மர்மேன் என்ற மனிதர். மிசிசிப்பியின் தெற்கே, ஹேசல்ஹர்ஸ்ட் பக்கம் அவர் வீட்டில் தங்கித்தான் ஜான்சன் பயிற்சி எடுத்தார். இரவில் இருவரும் கல்லறைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து வாசிப்பார்களாம், அங்கே யாருக்கும் தொந்தரவு இல்லையே! சிம்மர்மேனின் மகளே இதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிசாசுக் கதையும் முதலில் ராபர்ட்டைப் பற்றியது இல்லை. டாமி ஜான்சன் என்ற வேறொரு ப்ளூஸ்காரரைப் பற்றி அவருடைய அண்ணன் சொன்னது அது.

ஒரு மனிதன் இரவெல்லாம் கண்விழித்து உழைத்ததை எடுத்துப் பிசாசின் கணக்கில் எழுதிவிடுகிறோம். சொல்லிக்கொடுத்தவர் பெயரும் காணாமல் போகிறது. 'மால்டட் மில்க்' பாட்டைக் கேளுங்கள், லானி ஜான்சனின் சாயல் அப்படியே இருக்கும். இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட ஆளின் வாசிப்பு அது.

மணல்மேடு:
சிம்மர்மேன் பெயரை இப்போதுதான் முதல் முறையாகக் கேள்விப்படுகிறேன் நீலராகம். சரி, ஜாஸ் பக்கம் யார்?

ஆறுகம்பி:
சார்லி கிறிஸ்டியன். அவரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். 1930களின் பெரிய ஜாஸ் குழுக்களில் ஊதுகருவிக்காரர்களே பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். சாதாரண மரக் கிட்டாரை எவ்வளவு அடித்தாலும் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. அதனால் கிட்டார்காரர் நாள் முழுக்கத் தாளம் மட்டும் போடுவார். 1936இல் கிப்ஸன் நிறுவனம் இ.எஸ்.150 என்ற மின்கிட்டாரைக் கொண்டுவந்தது. டிரம்பெட்டுக்குச் சமமாக நின்று கிட்டார் பேச முடியும் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

கிறிஸ்டியன் ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்தவர். 1939 ஆகஸ்டில் ஜான் ஹாமண்ட் என்ற தயாரிப்பாளர் அவரை லாஸ் ஏஞ்சலஸுக்கு வரவழைத்து, புகழ்பெற்ற ஜாஸ் குழுத் தலைவர் பென்னி குட்மேனுக்கே தெரியாமல் அவர் மேடையில் ஏற்றிவிட்டார். குட்மேனுக்கு எரிச்சல். பையனுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்து 'ரோஸ் ரூம்' பாட்டை எடுத்தார். கிறிஸ்டியன் சுற்றுக்குச் சுற்று புதிது புதிதாக வாசிக்க, அந்த ஒரே பாட்டு முக்கால் மணி நேரம் நீண்டதாகச் சொல்வார்கள். அன்றே குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

குட்மேன் குழுவில் வேலை முடிந்ததும் ஹார்லெமில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸுக்குப் போய் விடியும்வரை வாசிப்பார். பீபாப் என்று பின்னால் பெயர் பெற்ற ஜாஸ் அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. 1941இல் ஒரு ரசிகர் தன் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனதால் அந்த இரவுகளில் சில நமக்கு மிஞ்சியிருக்கின்றன. 1942 மார்ச்சில் காசநோயால் இறந்தார். வயது 25. குட்மேனோடு இருந்தது இரண்டு வருடம் சொச்சம்தான். அவருக்குப் பின்னால் வந்த ஜாஸ் கிட்டார்காரர்களில் அவரைக் கேட்காமல் வளர்ந்தவர் யாருமில்லை.

இரவுப்பறவை:
கேட்டு வளர்ந்தவர்களில் முதல் பெயர் வெஸ் மாண்ட்கோமரி. இண்டியானாபொலிஸ்காரர். இருபது வயதை ஒட்டித்தான் கிட்டாரையே கையில் எடுத்தார், அதுவும் கிறிஸ்டியனின் 'சோலோ ஃப்ளைட்' கேட்டுவிட்டு. சுரம் எழுதப் படிக்கத் தெரியாது. கிறிஸ்டியனின் சோலோக்களைக் காதால் கேட்டே ஒன்றுவிடாமல் பிடித்துக்கொண்டார். உள்ளூரில் ஒரு கிளப் அவரை வேலைக்கு எடுத்ததே அந்த சோலோக்களை அச்சுப் பிசகாமல் வாசிக்கத்தான்.

அவர் கையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், காணொளி கிடைக்கிறது. கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிக் கிடையாது. வலது கட்டைவிரலின் சதைப்பகுதியால் மட்டுமே கம்பியைத் தொடுவார், மற்ற விரல்கள் கிட்டார் பலகைமேல் விரிந்து கிடக்கும். பிக் வைத்து வாசித்தால் சத்தம் அதிகம், அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள், அதனால் கட்டைவிரலுக்கு மாறினார் என்பது அவர் தரப்பு விளக்கம். அந்த மெத்தென்ற நாதம் அங்கிருந்துதான் வந்தது. இடது கையில் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்துப் பிடிப்பார். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் கம்பியைச் சுட்டுவிரலின் உட்பக்கத்தால் லேசாகத் தொட்டு ஊமையாக்கிவிட வேண்டும். மெதுவாகச் செய்வதே சிரமம். அவர் ஓடிக்கொண்டே செய்வார்.

சோலோவைக் கட்டுவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் ஒற்றைச் சுரங்கள், பிறகு இந்த இரட்டை ஸ்தாயி, கடைசியில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முழுக் கார்டுகள். மூன்று படி. 1965இல் நியூயார்க் 'ஹாஃப் நோட்' கிளப்பில் பதிவானதில் இது தெளிவாகக் கேட்கும்.

பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப்கள் என்று வருடக்கணக்கில் உழைத்தார். 1959இல் சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி ஊருக்கு வந்து கேட்டுவிட்டு, தன் இசைத்தட்டு நிறுவனத்தாரிடம் உடனே போய்ப் பாருங்கள் என்று சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தார். 1968இல் மாரடைப்பு. 45 வயது.

கூடவே இன்னொரு ஜாஸ் கிட்டார்காரர் க்ராண்ட் க்ரீனின் 'ஐடில் மோமெண்ட்ஸ்', 1963. அந்தப் பாட்டில் ஆளுக்கு எவ்வளவு நீளம் வாசிப்பது என்பதில் குழுவுக்குள் ஒரு குழப்பம். நினைத்ததைவிட இருமடங்காகி 15 நிமிடத்தைத் தொட்டுவிட்டது. நன்றாக வந்திருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டு, தட்டில் மற்ற பாட்டுகளைச் சுருக்கி மறுபடி பதிவு செய்தார்கள். இரவு பதினோரு மணிக்கு மேல் கேட்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

தென்காசிக்காரன்:
கேட்டேன், கேட்டேன். 'ஹாட்டர் தேன் தட்' நடுப்பகுதியை நிறுத்தவே மனசில்லை. பி.பி. கிங் இந்த வரிசையில் எங்கே வருகிறார்?

நீலராகம்:
பி.பி. கிங்குக்குப் போகும் வழி டி-போன் வாக்கர். டெக்சஸ்காரர், 1910இல் பிறந்தவர். சிறுவனாக டல்லாஸ் தெருக்களில் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் என்ற பார்வையற்ற ப்ளூஸ் கலைஞரைக் கைப்பிடித்து அழைத்துப் போயிருக்கிறார். மின்கிட்டாரில் ப்ளூஸ் வாசித்த முன்னோடி. 1947இல் வந்த 'கால் இட் ஸ்டார்மி மண்டே' கேட்டுத்தான் தனக்கும் ஒரு மின்கிட்டார் வேண்டும் என்று தோன்றியதாக பி.பி. கிங் பல பேட்டிகளில் சொன்னார். கிட்டாரைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வாசிப்பது, காலை அகல விரித்து உட்காருவது எல்லாம் வாக்கர் மேடையில் செய்தவை. சக் பெர்ரியும் ஹெண்ட்ரிக்ஸும் பிறகு வந்தவர்கள்.

பி.பி. கிங்குக்கு உறவுக்காரர் புக்கா ஒயிட், கம்பிமேல் உலோகக் குழாயைச் சறுக்கி வாசிப்பவர். அந்த இழையும் ஒலி வேண்டும் என்று கிங்குக்கு ஆசை, ஆனால் குழாய் கைக்கு வசப்படவில்லை. விரலாலேயே அந்த நடுக்கத்தைக் கொண்டுவரப் பார்த்தார். அவர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தும்போது இடது கையைக் கவனியுங்கள். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை விட்டு விலகிவிடும். சுட்டுவிரல் நுனி ஒன்றே அச்சு, மொத்தக் கையும் அதன்மேல் படபடவென்று ஆடும். ஒரே ஒரு சுரம் வந்தாலே 'பி.பி. கிங்' என்று சொல்லிவிடலாம்.

பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். கார்டு பிடிப்பதில் தனக்குத் திறமை போதாது என்று வெளிப்படையாகச் சொன்னவர். இருப்பதை வைத்து, பாடி முடித்த வாக்கியத்துக்குக் கிட்டார் பதில் சொல்லும் ஒரு பேச்சுமுறையை உண்டாக்கினார். 1964 நவம்பரில் சிகாகோ ரீகல் அரங்கில் பதிவானது போதும், அதில் கூட்டம் கத்துவதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கிட்டாருக்கு லூசில் என்று பெயர் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1949, ஆர்கன்ஸாவில் ட்விஸ்ட் என்ற ஊர். குளிருக்காக மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துக்கொண்டிருந்த பீப்பாயைச் சண்டை போட்ட இரண்டு பேர் தள்ளிவிட, கட்டடம் பற்றிக்கொண்டது. வெளியே ஓடி வந்த கிங் கிட்டாரை எடுக்க மறுபடியும் உள்ளே போனார். சண்டை லூசில் என்ற பெண்ணால் வந்தது என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று நினைவு வைத்துக்கொள்ளவே அந்தப் பெயர்.

தாளமே_துணை:
எல்லாரும் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இவ்வளவு நேரமும் பேச்செல்லாம் சோலோவைப் பற்றியே போகிறது. தென்காசிக்காரன் சோல் பாட்டுகளைப் பற்றியும் கேட்டார், அதை யாரும் தொடவில்லை.

டெம்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' தெரியாதவர் குறைவு. 1964 கடைசியில் வெளிவந்தது. பாட்டு தொடங்கும்போது ஒரு கிட்டார் ஆறு சுரம் ஏறுமே, அதை வாசித்தவர் ராபர்ட் ஒயிட். ஸ ரி க ப த ஸ். அப்படியே மோகன ஆரோகணம். நம் காதுக்கு அது சட்டென்று பிடிபடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஒயிட்டும் எடி வில்லிஸும் மற்றவர்களும் டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் ஸ்டூடியோவில் அன்றாடம் உட்கார்ந்து வாசித்தவர்கள். ஃபங்க் பிரதர்ஸ் என்பது அவர்கள் கூட்டத்துக்குப் பெயர். 1960களில் அந்த நிறுவனத்தின் பெரும்பாலான வெற்றிப் பாட்டுகளுக்குப் பின்னால் இந்தக் கைகள்தான். இசைத்தட்டு உறையில் பெயர் போடவில்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டில்தான் வாசித்தவர்கள் பெயர்கள் முதன்முதலாக அச்சாயின. அடுத்த வருடமே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இவர்களைப் பற்றி 2002இல் வந்த ஆவணப்படத்தில் ஒரு சம்பவம் சொல்வார்கள். ஒயிட் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார். 'மை கேர்ள்' ஒலிக்கிறது. பரிமாற வந்த பையனிடம் 'இதைக் கேட்கிறாயா' என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டு சாப்பாட்டைச் சொன்னாராம். இந்தக் கிழவன் உளறுகிறான் என்று அவன் நினைப்பான், அதனால்தான் சொல்லவில்லை என்று பிறகு நண்பரிடம் விளக்கியிருக்கிறார். 1994இல் காலமானார், படம் வெளிவந்ததைப் பார்க்கவில்லை. எனக்கு இந்தப் பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஆறுகம்பி:
தாளமே_துணை சொல்வது நியாயம். ஜேம்ஸ் பிரவுனின் கிட்டார்காரர் ஜிம்மி நோலனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாளமே_துணை:
கட்டாயம். நோலன் செய்தது கேட்கும்போது எளிது. இடது கை விரல்களைக் கம்பிமேல் லேசாக வைத்திருப்பார், அழுத்த மாட்டார். வலது கை நிற்காமல் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருக்கும், வருவது 'சிக்கு சிக்கு' என்ற வறண்ட சத்தம். வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கண நேரம் விரலை அழுத்துவார், கார்டு மின்னி மறையும். கோழி காலால் கிளறுகிற சத்தம் என்றே அந்தப் பாணிக்குப் பெயர். 1965இல் வந்த 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' தொடங்கி, தாளமே முன்னால் நிற்கிற ஃபங்க் இசை முழுக்க அதன்மேல் நிற்கிறது. பின்னாளில் ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ் வலது கையில் இருப்பதும் அந்த வழியில் வந்ததுதான்.

அடுத்து கர்டிஸ் மேஃபீல்ட். சிகாகோ. யாரும் சொல்லிக்கொடுக்காமல் பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கு ஏற்பக் கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டார், கடைசிவரை அந்தச் சுருதிதான். அதனால் அவர் வாசித்ததை வழக்கமான சுருதியில் அப்படியே பிடிப்பது கஷ்டம். 'பீப்பிள் கெட் ரெடி' கேளுங்கள், பாட்டு வரிகளுக்கு நடுவில் கிட்டார் தண்ணீர் மாதிரி ஓடி நிறையும். ஹெண்ட்ரிக்ஸின் 'லிட்டில் விங்' போன்ற மெதுவான பாட்டுகளில் வருகிற கார்டு அலங்காரமெல்லாம் மேஃபீல்டைக் கேட்ட காது.

1990 ஆகஸ்டில் புரூக்ளினில் ஒரு திறந்தவெளி மேடையில் விளக்குச் சட்டம் காற்றில் சரிந்து அவர்மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை, கிட்டார் முடிந்தது. 1996இல் ஒரு தட்டு வெளியிட்டார். மல்லாந்து படுத்துக்கொண்டு, மூச்சுக் கிடைக்கும் அளவுக்கு ஒவ்வொரு வரியாகப் பாடிச் சேர்த்தது. 1999 டிசம்பரில் மறைந்தார்.

மணல்மேடு:
அப்படியென்றால் ஹெண்ட்ரிக்ஸை எங்கே வைப்பீர்கள்? அவர் எல்லாரையும் தாண்டியவர் இல்லையா?

நீலராகம்:
தாண்டியவர்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் லண்டனில் 1966இல் திடீரென்று முளைத்தவர் போலச் சொல்வதைத்தான் ஏற்க மாட்டேன். ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்தபோது பில்லி காக்ஸைச் சந்தித்தார், பின்னால் 'பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்' குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் அவர்தான். வெளியே வந்து தெற்கு மாநிலங்களின் கறுப்பினக் கிளப்களில் பல குழுக்களுக்குப் பின்வரிசையில் நின்று வாசித்தார். லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் இருவரிடமும் வேலை. 1964இல் ஐஸ்லி வீட்டிலேயே தங்கியிருந்தார். அந்த வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இவர் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். 1973இல் ஐஸ்லி பிரதர்ஸின் 'தட் லேடி' பாட்டில் சீறி வருகிற கிட்டார் அந்தப் பையன், எர்னி ஐஸ்லியுடையது.

இன்னொன்று. 1969 வுட்ஸ்டாக் இசைவிழா எல்லாருக்கும் தெரியும். அது முடிந்து மூன்று வாரத்துக்குள், செப்டம்பர் 5 அன்று, ஹார்லெமில் தெருவிலேயே இலவசக் கச்சேரி செய்தார். தன் மக்கள் தன்னைக் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது, கறுப்பின வானொலிகள் அவரைப் பெரிதாகப் போடவில்லை. அன்றைக்குக் கூட்டத்திலிருந்து முட்டை பறந்து வந்தது. அவர் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அந்த வருடக் கடைசி இரவிலும் புத்தாண்டிலும் ஃபில்மோர் ஈஸ்ட்டில், மூவருமே கறுப்பினத்தவரான குழுவோடு வாசித்த 'மெஷின் கன்' எனக்கு அவருடைய உச்சம்.

இரவுப்பறவை:
அவர் இறந்த கொஞ்ச நாளில் பதிவானது ஃபங்கடெலிக்கின் 'மேகட் ப்ரெய்ன்'. எடி ஹேசல், அப்போது இருபது வயது. உன் அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தால் எப்படி வாசிப்பாயோ அப்படி வாசி என்றார் குழுத் தலைவர் ஜார்ஜ் கிளிண்டன். பத்து நிமிடம். மற்ற கருவிகளைக் கிளிண்டன் கலவையில் கிட்டத்தட்ட அழித்தேவிட்டார். ஹேசலின் இறுதிச் சடங்கில் இதையே ஒலிக்கவிட்டார்கள்.

மணல்மேடு:
சக் பெர்ரியை யாரும் தொடவில்லையே?

ஆறுகம்பி:
அவரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். 1958இல் வந்த 'ஜானி பி. குட்' தொடக்கத்தில் வருகிற கிட்டார் வரி, லூயி ஜோர்டன் குழுவில் இருந்த கார்ல் ஹோகன் 1946இலேயே வாசித்தது. பெர்ரியே ஹோகனைப் பற்றிப் பேசியிருக்கிறார். லூயி ஜோர்டனின் 'எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ வுமன்' போட்டு முதல் சில நொடிகள் கேளுங்கள், நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவீர்கள்.

தாளமே_துணை:
தலைப்பு ஆண் கலைஞர்களை நோக்கிப் போய்விட்டாலும், மின்கிட்டாரோடு பக்திப் பாட்டுப் பாடிய சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பை விட்டுவிட்டுப் பெர்ரியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தனி இழையே தொடங்க வேண்டும்.

தென்காசிக்காரன்:
தொடங்குங்கள், நான் வருகிறேன். இன்றைக்கு வாசிப்பவர்களில் யாரைப் பின்தொடரலாம்?

இரவுப்பறவை:
கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்க்ரம். 1999இல் மிசிசிப்பி கிளார்க்ஸ்டேலில் பிறந்தவர். அங்கே டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் சிறுவர்களுக்கு நடத்தும் வகுப்பில் கற்றவர். அவருடைய இரண்டாவது தட்டின் பெயர் '662', வட மிசிசிப்பியின் தொலைபேசி எண் முன்குறி. அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. மேடைப் பதிவுகளாகத் தேடிப் பாருங்கள். பாடுவதை நிறுத்திவிட்டுக் கிட்டாரைப் பேசவிடும் இடங்களில் பி.பி. கிங் தெரிவார், அடுத்த நிமிடமே எடி ஹேசல் பக்கம் போய்விடுவார்.